காற்றுத்திரள், வளிமுகம், கடல் நீரோட்டம்: மூன்றையும் ஒரே கதையாகப் படிப்பது எப்படி?

கேள்வி இது: புவியியல் பாடத்தில் காற்றுத்திரள், வளிமுகம், கடல் நீரோட்டம் மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன, இவற்றுக்குள் என்ன தொடர்பு? வானிலை வரைபடத்தில் போடும் நீல முக்கோணமும் சிவப்பு அரைவட்டமும் தரையில் நிற்பவருக்கு என்னவாகத் தெரியும்?

தொடர்பைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்குப் போதும். தரையில் ஒரு சதுர மீட்டருக்கு மேலே வானம்வரை நிற்கும் காற்றின் எடை சுமார் 10 டன். அந்தக் காற்று முழுவதையும் ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பம், கடலில் அதே ஒரு சதுர மீட்டரின் மேல் இரண்டரை மீட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்கினாலே செலவாகிவிடும். அதாவது கடல்தான் வெப்பத்தின் கிடங்கு. காற்று அதை விரைவாகக் கொண்டுசெல்லும் வண்டி. கிடங்கு எங்கே இருக்கிறது என்பதை நீரோட்டம் மாற்றுகிறது. வண்டி எந்தச் சரக்கோடு வருகிறது என்பதைக் காற்றுத்திரள் சொல்கிறது. இரண்டு வண்டிகள் முட்டும் இடம் வளிமுகம்.

காற்றுத்திரள் என்பது ஆயிரம் கி.மீ. அளவுக்கும் அதற்கு மேலும் பரந்து கிடக்கும் காற்று. அதற்குள் ஒரே உயரத்தில் எங்கே அளந்தாலும் வெப்பமும் ஈரமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். இது எல்லா இடத்திலும் உருவாகாது. அடியில் உள்ள பரப்பு ஒரே மாதிரி இருக்க வேண்டும்: பெரிய பனிவெளி, பாலைவனம், திறந்த கடல் போல. காற்று பல நாள் மெதுவாக அங்கேயே தங்க வேண்டும்; அதனால்தான் உயர் அழுத்தம் நிலைகொள்ளும் பகுதிகளே இதற்குப் பிறப்பிடம். குளிர்கால சைபீரியா, வடக்குக் கனடா, சகாரா, வட அட்லாண்டிக்கின் சர்காசோ கடல் ஆகியவை நல்ல எடுத்துக்காட்டுகள். மலையும் பள்ளத்தாக்கும் மாறிமாறி வரும் நிலத்தில், காற்று ஓயாமல் வீசும் இடத்தில், திரள் உருவாகாது.

சுவீடன் நாட்டு அறிஞர் டோர் பெர்ஜெரோன் 1928-ல் திரள்களை எழுத்துகளால் பெயரிட்டு வகுத்த முறைதான் இன்றும் பெரும்பாலும் புழங்குகிறது. நிலத்தில் பிறந்ததா கடலில் பிறந்ததா என்பது முதல் எழுத்து. ஆர்க்டிக், துருவம், வெப்பமண்டலம் என்று எந்த அட்சரேகையில் பிறந்தது என்பது இரண்டாவது. நிலத் துருவக் காற்று என்றால் குளிர்ந்து வறண்டது, கடல் வெப்பமண்டலக் காற்று என்றால் சூடாகி ஈரமானது என்று அதில் பாதி தானாகவே விளங்கும். பலரும் கவனிக்காமல் விடுவது மூன்றாவது எழுத்தைத்தான். திரள் இப்போது கடந்துகொண்டிருக்கும் பரப்பைவிடக் குளிர்ந்ததா, சூடானதா என்பதை அது சொல்கிறது. அன்றைய வானம் எப்படி இருக்கும் என்பதை அந்த எழுத்தே பெருமளவு தீர்மானிக்கிறது.

குளிர்ந்த திரள் சூடான பரப்பின்மேல் வந்தால் அடிக்காற்று சூடாகும், எழும், கலங்கும். திரள் மேகங்கள், விட்டுவிட்டுப் பெய்யும் மழை, இடையிடையே தெளிந்த தொலைநோக்கு. சூடான திரள் குளிர்ந்த பரப்பின்மேல் வந்தால் நேர்மாறு: அடிக்காற்று குளிர்ந்து கனத்து அப்படியே படுத்துவிடும். மூடுபனி, தாழ்ந்த படை மேகம், தூறல். புகையும் தூசியும் மேலே போக வழியில்லாமல் தரையோடு தேங்கும். காற்றின் தரம் மோசமாகும் நாட்கள் பலவற்றுக்கு இதுவே காரணம்.

இதில் ஈரத்தின் பங்கை எண்களோடு மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. நிறைவுற்ற காற்றின் ஒரு கனமீட்டரில் 30 டிகிரி செல்சியஸில் சுமார் 30 கிராம் நீராவி இருக்கும். 20 டிகிரியில் 17 கிராம். 10 டிகிரியில் 9 கிராமுக்குச் சற்று மேல். 0 டிகிரியில் 5 கிராமுக்கும் குறைவு. பத்து டிகிரி இறங்கும்போதெல்லாம் கொள்ளளவு ஏறக்குறைய பாதியாகிறது. அதனால் சைபீரியக் காற்றில் ஒப்பு ஈரப்பதம் 90 விழுக்காடு என்று கருவி காட்டினாலும் அது வறண்ட காற்றுதான். திரளின் ஈரத்தை ஒப்பிடும்போது ஒப்பு ஈரப்பதத்தைப் பார்க்காதீர்கள், பனிநிலை வெப்பத்தை, அதாவது எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் காற்றின் நீராவி நீராகத் தொடங்கும் என்பதைப் பாருங்கள்.

திரள் பிறந்த ஊரின் குணத்தை என்றென்றும் சுமந்து திரிவதில்லை. ஜப்பானின் மேற்குக் கரைப் பனி இதற்கு நல்ல சான்று. குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து கிளம்பும் காற்று எலும்பை உறையவைக்கும் குளிர், ஈரமே இல்லாதது. வழியில் ஜப்பான் கடலைக் கடக்கிறது. அந்தக் கடலுக்குள் சுஷிமா நீரோட்டம் தெற்கிலிருந்து வெதுவெதுப்பான நீரைக் கொண்டுவருகிறது. சில நூறு கி.மீ. பயணத்துக்குள் காற்று அடியில் சூடாகி, ஈரத்தை உறிஞ்சி, ஹொன்ஷூ தீவின் மலைகளில் மோதி, மீட்டர் கணக்கில் பனியைக் கொட்டுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் டோக்கியோவில் அதே நாளில் வானம் பளிச்சென்று இருக்கும். வட அமெரிக்கப் பேரேரிகளின் கரையிலும் இதே கதைதான். அங்கே முன்னறிவிப்பாளர்கள் வைத்திருக்கும் அளவுகோல்: ஏரியின் மேற்பரப்புக்கும் சுமார் 1.5 கி.மீ. உயரக் காற்றுக்கும் 13 டிகிரி வித்தியாசம் இருக்க வேண்டும், காற்று நீர்மேல் போதிய தூரம், சுமார் 100 கி.மீ., ஓடிவர வேண்டும். ஏரி உறைந்துவிட்டால் இந்தப் பனிப்பொழிவு பெரும்பாலும் அடங்கிவிடும், ஏனென்றால் ஈரத்துக்கு வழி அடைபட்டுவிடுகிறது.

இனி வளிமுகம். இரண்டு திரள்கள் சந்தித்தால் உடனே கலந்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் 10 டிகிரிக் காற்றின் அடர்த்தி கனமீட்டருக்கு 1.25 கிலோ, 25 டிகிரிக் காற்றினுடையது 1.18 கிலோ. ஐந்து விழுக்காடு வித்தியாசம்தான், ஆனாலும் எடை கூடிய காற்று அடியில் ஆப்புபோல் நுழைந்து, எடை குறைந்ததை மேலே ஏற்றிவிட அது போதும். பூமி சுழல்வதால் அந்த ஆப்பு தரையோடு முழுவதும் பரவிப் படுத்துவிடாமல் சாய்ந்தே நிற்கிறது. இந்தச் சாய்ந்த எல்லை தரையைத் தொடும் கோட்டைத்தான் வரைபடத்தில் வரைகிறார்கள். முதல் உலகப் போரின் கடைசி ஆண்டுகளிலும் அதை அடுத்த சில ஆண்டுகளிலும் நார்வேயின் பெர்கன் நகரில் வில்ஹெல்ம் பியர்க்னெஸ், அவர் மகன் யாக்கோப் பியர்க்னெஸ், ஹால்வர் சோல்பெர்க், பெர்ஜெரோன் ஆகியோர் சேர்ந்து இந்தக் கோட்பாட்டை உருவாக்கினார்கள். போர்முனையைக் குறிக்கும் 'front' என்ற பெயரையே அதற்கு வைத்தார்கள்.

சாய்வுதான் இங்கே எல்லாமும். சூடான காற்று முன்னேறிக் குளிர்காற்றின்மேல் ஏறும் எல்லை வெப்ப வளிமுகம், வரைபடத்தில் சிவப்பு அரைவட்டம். அதன் சாய்வு தோராயமாக 200-க்கு 1. அதாவது முகம் உங்களிடமிருந்து 1,000 கி.மீ. தொலைவில் இருக்கும்போதே உங்கள் தலைக்கு மேல் 5 கி.மீ. உயரத்தில் சூடான காற்று ஏறத் தொடங்கிவிட்டது. முகம் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் நகர்ந்தால் உங்களுக்கு 33 மணி நேர முன்னறிவிப்பு வானத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. முதலில் உயரத்தில் கீற்று மேகங்கள், மேற்கிலிருந்து அடர்ந்துகொண்டே வரும். பிறகு மெல்லிய வெண்திரைபோல் கீற்றுப்படை மேகம். சூரியனையோ சந்திரனையோ சுற்றி ஒளிவட்டம் தெரியும். அதன் ஆரம் 22 டிகிரி. கையை முழுவதும் நீட்டி விரல்களை விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை ஏறக்குறைய அதே அளவு, ஆக அளந்தே பார்க்கலாம். அடுத்து, மங்கிய கண்ணாடி வழியே பார்ப்பதுபோல் சூரியன் கலங்கித் தெரியும் இடைப்படை மேகம். கடைசியில் கார்ப்படை மேகமும் மணிக்கணக்கில் நின்று பெய்யும் சீரான மழையும். முகம் இன்னும் 300 கி.மீ. தள்ளி இருக்கும்போதே இந்த மழை ஆரம்பித்துவிடலாம். கீற்று மேகம் மட்டும் வந்து, அடர்த்தி கூடாமல் போனால், முகம் உங்கள் பக்கம் வரவில்லை, ஓரமாகக் கடந்துவிட்டது என்று பொருள். வரிசைதான் அடையாளம், ஒற்றை மேகத்தை வைத்து முடிவு கட்டக்கூடாது.

குளிர்காற்று முன்னேறிச் சூடான காற்றைத் தள்ளும் குளிர் வளிமுகம், வரைபடத்தில் நீல முக்கோணம், குணத்திலேயே வேறு. சாய்வு 50-க்கு 1 முதல் 100-க்கு 1 வரை. தரை உராய்வு இதற்கு ஒரு காரணம்: முன்னேறும் குளிர்காற்றின் அடிப்பகுதியைத் தரை பிடித்து இழுக்க, மேற்பகுதி முந்திக்கொண்டு வர, மூக்கு நிமிர்ந்து நிற்கிறது. வெப்ப வளிமுகத்தில் பின்வாங்கும் குளிர்காற்றின் வாலை அதே உராய்வு பின்னால் நீட்டி இழுப்பதால் சாய்வு இன்னும் தட்டையாகிறது. குளிர் முகத்தில் சூடான காற்று செங்குத்தாகத் தூக்கப்படுகிறது. அதனால் ஒடுங்கிய பட்டையில் கார்திரள் மேகங்கள், இடி, திடீர்ச் சூறை, சில நேரம் ஆலங்கட்டி. பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் கடந்துவிடும்; பின்னால் தெளிந்த வானம்.

முகம் கடந்துவிட்டதா என்று உறுதி செய்ய மணிக்கு ஒருமுறை நான்கு அளவுகளைக் குறித்தால் போதும்: அழுத்தம், வெப்பம், பனிநிலை, காற்றின் திசை. வளிமுகம் எப்போதும் அழுத்தப் பள்ளத்தில் கிடப்பதால், அது நெருங்கும்போது அழுத்தம் இறங்கும்; கடந்ததும் ஏறும், வெப்ப முகமானால் இறக்கம் நிற்கும் அல்லது தணியும். வட அரைக்கோளத்தில் குளிர் முகம் கடக்கும்போது காற்று தென்மேற்கிலிருந்து மேற்கு அல்லது வடமேற்குக்கு மாறும். தென் அரைக்கோளத்தில் வடமேற்கிலிருந்து தென்மேற்குக்கு. இங்கே நடக்கும் தவறுகள் மூன்று. ஒன்று, வெப்பத்தை மட்டும் நம்புவது: முகம் நண்பகலில் கடந்தால் வெயில் அந்த வீழ்ச்சியை மறைத்துவிடும். பனிநிலையின் வீழ்ச்சி அப்படி எளிதில் மறையாது. இரண்டு, உயரத் திருத்தம் செய்யாமல் இரண்டு இடங்களின் அழுத்தத்தை ஒப்பிடுவது: கடல்மட்டத்துக்கு அருகே 8 மீட்டர் உயர்ந்தாலே 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். மூன்று, வெப்பமண்டலத்தில் நாள்தோறும் காலை 10 மணிக்கும் இரவு 10 மணிக்கும் அழுத்தம் உச்சத்திலும், அதிகாலை 4, மாலை 4 மணியளவில் தாழ்ந்தும் இருக்கும். இந்த 2 முதல் 3 ஹெக்டோபாஸ்கல் ஏற்ற இறக்கம் இயல்பானது. அதை வளிமுகத்தின் வருகை என்று எண்ணிவிடக் கூடாது.

வெப்ப வளிமுகம் சாதுவானது, குளிர் வளிமுகம்தான் ஆபத்து என்று எழுதுபவர்கள் உறைமழையை மறந்துவிடுகிறார்கள். மேலே சூடான காற்றில் மழைத்துளியாக இருப்பது, கீழே பூச்சியத்துக்கும் குறைவான குளிர்காற்று ஆப்புக்குள் விழுந்து, உறையாமலே மிகைக்குளிர்ந்து, மின்கம்பியையோ சாலையையோ தொட்ட கணத்தில் கண்ணாடிபோல் உறைகிறது. சில மில்லிமீட்டர் படிந்தாலே வாகனங்கள் நிற்காது வழுக்கும். சென்டிமீட்டர் கணக்கில் படிந்தால் மரமும் கம்பமும் முறியும்.

குளிர் முகம் வேகமாக நகர்வதால், நாளடைவில் முன்னே போகும் வெப்ப முகத்தைப் பிடித்துவிடும். இடையில் இருந்த சூடான காற்று முழுவதும் தரையைவிட்டுத் தூக்கப்படும். இதுவே அடைபட்ட வளிமுகம். வரைபடத்தில் ஊதா நிறத்தில், முக்கோணமும் அரைவட்டமும் ஒரே பக்கம் இருக்கும். இது வந்துவிட்டால் புயலின் இளமை முடிந்தது என்று கொள்ளலாம். சூடும் குளிரும் அருகருகே இருப்பதுதான் அந்தப் புயலின் எரிபொருள். தரைமட்டத்தில் அந்தத் தொடர்பு அறுந்ததும் பொதுவாகத் தாழ்வு மெல்ல நிரம்பத் தொடங்குகிறது. முக்கோணமும் அரைவட்டமும் எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் அது நிலையான வளிமுகம். இரண்டு திரளும் விட்டுக்கொடுக்காமல் நிற்க, ஒரே இடத்தில் நாட்கணக்கில் மழை பெய்து வெள்ளம் வருவது பெரும்பாலும் இதனால்தான்.

வெப்பமண்டலத்தில் ஏன் இந்தக் கோடுகளைப் பார்க்க முடிவதில்லை? அங்கே இரு பக்கக் காற்றுக்கும் வெப்ப வித்தியாசம் மிகக் குறைவு. சாய்ந்த எல்லையைத் தாங்கி நிறுத்தும் கொரியாலிஸ் விளைவும் (பூமி சுழல்வதால் நகரும் காற்றும் நீரும் பக்கவாட்டில் விலகுவது) நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கப் பூச்சியமாகிறது. வெப்பமண்டலப் புயலுக்கு வளிமுகமே கிடையாது; அது கடலின் வெப்பத்தையே உண்டு வளர்கிறது. இரு அரைக்கோள வியாபாரக் காற்றுகள் குவியும் பட்டையை முன்பு வளிமுகம் என்றே அழைத்தார்கள். அங்கே மோதும் இரண்டு காற்றுக்கும் அடர்த்தி ஏறக்குறைய ஒன்றே என்பதால் அந்தப் பெயர் கைவிடப்பட்டது.

இப்போது நீருக்கு வருவோம். மேற்பரப்பு நீரோட்டத்தை இயக்குவது காற்று. ஆனால் காற்று தள்ளும் திசையிலேயே நீர் போவதில்லை. ஃப்ராம் கப்பலில் 1893 முதல் 1896 வரை ஆர்க்டிக் பனியோடு மிதந்த நார்வே ஆய்வாளர் நான்சென், பனிக்கட்டிகள் காற்றின் திசைக்கு 20 முதல் 40 டிகிரி வலப்புறமாக விலகி நகர்வதைக் குறித்துவைத்தார். சுவீடன் நாட்டுக் கடலியல் அறிஞர் எக்மன் அதற்குக் கணித விளக்கம் தந்தார். அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1905-ல் வந்தது. மேலடுக்கு வலப்புறம் விலகுகிறது, அது தன் அடியில் உள்ள அடுக்கை இழுக்கிறது, அது இன்னும் வலப்புறம் விலகுகிறது, ஒவ்வொரு படியிலும் வேகம் குறைகிறது. மொத்தக் கூட்டுத்தொகை: காற்றுக்குச் செங்குத்தாக வலப்புறம். தென் அரைக்கோளத்தில் இடப்புறம்.

இதிலிருந்துதான் பெருஞ்சுழல்கள் பிறக்கின்றன. வட அட்லாண்டிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கே வியாபாரக் காற்று நீரை வடக்கே தள்ளுகிறது, வடக்கே மேலைக் காற்று நீரைத் தெற்கே தள்ளுகிறது. நடுவில் நீர் குவிந்து கடல்மட்டம் சுமார் ஒரு மீட்டர் உயர்ந்த மேடாகிறது. மேட்டிலிருந்து இறங்கப் பார்க்கும் நீரைக் கொரியாலிஸ் விளைவு வலப்புறம் திருப்பத் திருப்ப, அது இறங்காமல் மேட்டைச் சுற்றி வலம் வருகிறது. நீரோட்டம் காற்றோடு போவதில்லை, காற்று கட்டிய மேட்டைச் சுற்றிப் போகிறது. கடல் நீரோட்டத்தில் பெரும்பாலான குழப்பங்கள் இந்த ஒரு வாக்கியம் பிடிபடாததால் வருபவை.

அந்த மேடு நடுவில் இல்லாமல் கடலின் மேற்குக் கரையை ஒட்டி ஒதுங்கியிருக்கிறது. கொரியாலிஸ் விளைவு அட்சரேகையோடு மாறுவதே அதற்குக் காரணம் என்று ஹென்றி ஸ்டோமல் 1948-ல் காட்டினார். விளைவாக, மேற்குக் கரையில் சரிவு செங்குத்து, ஓட்டம் ஒடுங்கியது, ஆழமானது, வேகமானது: கல்ஃப் நீரோட்டம், குரோஷியோ, அகுல்ஹாஸ். கல்ஃப் நீரோட்டம் சுமார் 100 கி.மீ. அகலத்தில் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தையும் தொடும். ஃபுளோரிடா நீரிணையில் அது வினாடிக்குச் சுமார் 3 கோடி கனமீட்டர் நீரைக் கடத்துகிறது. உலகத்து ஆறுகள் எல்லாம் சேர்ந்தாலும் வினாடிக்குச் சுமார் 12 லட்சம் கனமீட்டர்தான். கடல்களின் கிழக்குக் கரையில் கானரி, கலிபோர்னியா, பெரு, பெங்குவேலா நீரோட்டங்கள் அகன்று, மெதுவாக, குளிர்ந்து ஓடுகின்றன. அங்கே கரையோரக் காற்று மேல்நீரைக் கடலுக்குள் தள்ள, நூறு இருநூறு மீட்டர் ஆழத்திலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் மேலெழுகிறது. பெரு கடற்கரையின் மீன்வளம் அதன் கொடை.

குளிர் நீரோட்டம்தான் அட்டகாமாவையும் நமீபையும் பாலைவனமாக்கியது என்று சொல்வது பாதி உண்மை. அந்த அட்சரேகைகளில் மேலிருந்து கீழிறங்கும் காற்றே வறட்சியின் முதல் காரணம். குளிர்நீர் அடிக்காற்றை மேலும் குளிர்வித்து எழவிடாமல் பூட்டுகிறது. மூடுபனி வரும், மழை வராது. முன்பு சொன்ன மூன்றாவது எழுத்தை இங்கே பொருத்திப் பாருங்கள். நியூஃபவுண்ட்லாந்து அருகே கிராண்ட் பேங்க்ஸ் கடற்பரப்பில் கல்ஃப் நீரோட்டத்தின் மேலிருந்து வரும் ஈரக்காற்று லாப்ரடார் குளிர்நீரின் மேல் ஏறும்போது உலகின் மிக அடர்ந்த கடல் மூடுபனிகளில் ஒன்று உருவாகிறது. திசையை மாற்றிப் பாருங்கள்: குளிர்காலத்தில் கண்டத்துக் குளிர்காற்று கல்ஃப் நீரோட்டத்தின் மேல் பாய்ந்தால், 24 மணி நேரத்தில் 24 ஹெக்டோபாஸ்கல் சரியும் வெடிப்புத் தாழ்வுகள் பிறக்கின்றன. வட அட்லாண்டிக், வட பசிபிக் புயல்பாதைகள் கல்ஃப் நீரோட்டத்தின், குரோஷியோவின் ஓரத்தில் தொடங்குவது தற்செயல் அல்ல. கடலிலும் அங்கே ஒரு முகம் இருக்கிறது. சூடான நீரும் குளிர்நீரும் சில பத்து கி.மீ. இடைவெளியில் சந்திக்கும் அந்தக் கோடு, மேலே வளிமுகத்துக்கு ஓயாமல் தீனி போடுகிறது.

ஆழ்கடல் ஓட்டம் வேறு இயக்கம். அங்கே அடர்த்தியே ஆட்சி செய்கிறது. நன்னீர் 4 டிகிரியில் அதிக அடர்த்தி பெறும் என்ற பள்ளிப்பாடத்தைக் கடலுக்குப் பொருத்தாதீர்கள். கிலோவுக்கு 35 கிராம் உப்பு உள்ள கடல்நீர், உறையும் மைனஸ் 1.9 டிகிரிவரை குளிரக் குளிர அடர்ந்துகொண்டே போகும். உறையும்போது பனிக்கட்டி உப்பைப் பெரும்பாலும் வெளியேற்றுவதால் மீதி நீர் இன்னும் கனக்கும். கிரீன்லாந்து, லாப்ரடார் கடல்களிலும் அண்டார்டிக்காவின் ஓரத்திலும் இப்படி மூழ்கும் நீர் உலகைச் சுற்றி மேலே வர ஆயிரம் ஆண்டு அளவு ஆகும். அட்லாண்டிக்கில் இந்தக் கவிழ்ப்புச் சுழற்சி பலவீனமாகலாம் என்ற கவலை உண்மையானது; 2004 முதல் 26.5 டிகிரி வட அட்சத்தில் கருவிகள் நிறுத்தி அதை அளந்துவருகிறார்கள். ஆனால் "கல்ஃப் நீரோட்டம் நின்றுவிடும்" என்று எழுதுவது பிழை. காற்று வீசும்வரை, பூமி சுழலும்வரை அந்தச் சுழல் இருக்கும்.

பசிபிக்கில் இந்தத் தொடர்பு வட்டமாகவே மூடிக்கொள்கிறது. வழக்கமான ஆண்டுகளில் வியாபாரக் காற்று சூடான நீரை மேற்கே குவிக்கிறது. கடல்மட்டம் அங்கே கிழக்கைவிட அரை மீட்டர் அளவு உயரம். சூடான மேற்கில் காற்று எழுகிறது, குளிர்ந்த கிழக்கில் இறங்குகிறது, அந்த ஏற்ற இறக்கமே வியாபாரக் காற்றை மேலும் வலுவாக்குகிறது. காற்று சற்றுத் தளர்ந்தால் சூடான நீர் கிழக்கே சரிகிறது. வெப்ப வித்தியாசம் குறைகிறது. காற்று இன்னும் தளர்கிறது. இதுதான் எல் நினோ. கடலும் காற்றும் ஒன்றையொன்று தள்ளிவிடும் இந்த வட்டத்தை 1969-ல் விளக்கியவர், 1919-ல் புயலின் வளிமுக அமைப்பை வரைந்து காட்டிய அதே யாக்கோப் பியர்க்னெஸ்.

ஆகவே, அடுத்த முறை வளிமுகம் வரைந்த வரைபடத்தைத் திறக்கும்போது அதே நாளின் கடல் மேற்பரப்பு வெப்ப வரைபடத்தையும் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு திரளும் கடைசி இரண்டு நாளில் எந்த நீரின், எந்த நிலத்தின் மேலாக வந்தது என்று சமஅழுத்தக் கோடுகளை ஒட்டிப் பின்னோக்கி விரலால் தடம் பிடியுங்கள். அந்தத் தடம் சூடான நீரைக் கடந்திருந்தால் முகத்தில் மழை கூடும். வறண்ட நிலத்தையே கடந்திருந்தால், எவ்வளவு கூர்மையான முகமாக இருந்தாலும், காற்று திசை மாறும், தூசி பறக்கும், அவ்வளவுதான்.